ரிவர்ஸில் வந்த ஃபயர் எஞ்சின்

ஃபிஜித் தீவின் சவேனியில் கரும்புக்கு நடுவே குடியிருந்த எங்கள் எல்லோருடைய உயிரும் ஒரு பயந்தாங்கொள்ளியின் கையில் இருந்தது. கதைக்காகச் சொல்லவில்லை. சுற்றிலும் கரும்பு. பலகையும் தகரமும் வைத்து அடித்த வீடுகள். மழையில்லாத மாதங்களில் காய்ந்து உதிர்ந்த சோகை வாசற்படி வரைக்கும் வரும், ஒரு பொறி போதும். அதற்கு எதிராக எங்கள் பக்கத்துக்கென்று இருந்தது ஒரே ஒரு ஃபயர் எஞ்சின். அந்த வண்டியின் டிரைவருக்கு நெருப்பென்றால் பயம்.

லேசான பயமில்லை. கோயிலில் கற்பூரத் தட்டு அவர் பக்கம் வந்தால் இரண்டடி பின்வாங்கி, அங்கிருந்தே காற்றில் ஒற்றிக்கொள்வார். வீட்டில் விளக்கேற்றுவது, அடுப்புப் பற்றவைப்பது எல்லாம் அவர் சம்சாரம்தான். அவரோடு உட்கார்ந்து நங்கோனா வேர்ச்சாறு குடிக்கிறவர்கள் சிகரெட் பற்றவைக்க வேண்டுமானால் எழுந்து தூரமாகப் போக வேண்டும். இப்படிப்பட்ட ஆளுக்கு இந்த வேலையை யார் கொடுத்தது என்று கேட்டால், லாரி ஓட்டத் தெரிந்த, குடித்துவிட்டு வராத ஆள் அன்றைக்கு அவர் ஒருவர்தான் அகப்பட்டார் என்பார்கள். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வயல் தள்ளி அவர் வீடு.

வண்டியும் அவருக்கேற்ற வண்டிதான். டவுனில் புதுசு வந்ததும் பழையதை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். அது பிறவியில் ஃபயர் எஞ்சினே இல்லை, சீமையில் லாரியாகப் பிறந்தது. எங்கள் ஊரில் கரும்பேற்றும் லாரிகளுக்கு இருந்த அதே சேசி, அதே மூக்கு, மேடேறும்போது அதே முனகல். அந்தச் சேசியின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஓஸ் குழாய்ச் சுருள், மர ஏணி, முன்னால் ஒரு பித்தளை மணி எல்லாம் ஏற்றிச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். கரும்பு வெட்டுக் காலத்தில் லாரிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையைச் சொறிவார்கள்.

"அண்ணே, ஒரு சக்கரம் குடேன். சாயங்காலம் கொண்டாந்து மாட்டிடறேன்."

"மத்தியானம் நெருப்பு வந்தா?"

"வந்தா மட்டும் நீ போயிடவா போறே?"

"போவேன்யா. போறதுக்கு இல்லாட்டியும் ஓடறதுக்காவது நாலு சக்கரம் வேணுமே," என்பார். முகத்தில் சிரிப்பு இருக்காது. அதுதான் எங்களுக்கெல்லாம் சிரிப்பு.

எங்காவது நெருப்பு என்று ஆள் ஓடிவந்தால் வண்டி கிளம்பும், அதில் குறை சொல்ல முடியாது. மணியை அடித்துக்கொண்டு ரோடு முனை வரைக்கும் மற்ற ஊர் வண்டிகளைப்போலத்தான் வரும். அங்கே நிற்கும். மெதுவாகத் திரும்பும். பிறகு நெருப்பு இருக்கிற சந்துக்குள் ரிவர்ஸில் வரும். வீடு எரிந்துகொண்டிருக்க, வீட்டுக்காரன் மார்பில் அடித்துக்கொள்ள, எங்கள் ஃபயர் எஞ்சின் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு அன்னநடை போட்டு வரும் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகள் கூடவே ஓடி "டர்போக்! டர்போக்!" என்று எங்கள் ஊர்ப் பொதுப் பேச்சான ஹிந்தியில் கத்துவார்கள். பயந்தாங்கொள்ளி என்று அர்த்தம்.

"பம்பு எங்கே இருக்கு? பின்னாடிதானே?" என்று அவர் நியாயம் சொல்வார். "நெருப்புக்குப் பம்பைக் காட்டணுமா, என் மூஞ்சியைக் காட்டணுமா?"

என் மாமியாரிடம் மட்டும் அந்த நியாயம் செல்லாது. இடுப்பு முறிந்து நாற்காலியோடு கிடந்தவர். வாய் மட்டும் எங்கும் முறியவில்லை. "ஏன்டா, நீ அணைக்க வர்றியா, ஓட வர்றியா?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ரெண்டுக்கும்தாம்மா," என்றார் அவர். அவருக்கு என் மாமியாரிடமும் பயம்.

பம்பைப் பார்த்துக்கொள்ள அவரோடு செமி என்று ஒரு பூர்வகுடி ஃபிஜிக்காரர் இருந்தார். கதவை அடைக்கிற உடம்பு, எதற்கும் அசையாத மனுஷன். கூரை எரியும்போது கீழே நின்று பாட்டு முணுமுணுப்பார். உனக்குப் பயமே கிடையாதா என்று கேட்டால், "என் பங்கையும் சேர்த்து இவரே பயந்துவிடுகிறார், எனக்கு மிச்சம் வைப்பதில்லை," என்று எங்கள் ஹிந்தியிலேயே பதில் சொல்வார். அண்ணனும் செமியும் பேசிக்கொள்வது ஹிந்தியில்தான். ஆனால் பயம் ஏற ஏற அண்ணனுக்கு ஹிந்தி இறங்கிவிடும், தமிழ் வந்துவிடும். ஐயோ, பாத்து, மெதுவா, மாரியாத்தா. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் இந்த வார்த்தைகள்தான். என் இரண்டு பெண்களும் தாய்மொழியைக் கற்றுக்கொண்டது ஃபயர் எஞ்சினிடமிருந்து என்று நான் கேலி பேசுவதுண்டு.

தீமிதிக் கதையைச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்லவே முடியாது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் குண்டம் இறங்கும்போது ஃபயர் எஞ்சின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது வழக்கம். வண்டிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, மூக்கில் வேப்பிலை கட்டி, மாலை போடுவார்கள். அந்த வருடம் என் புருஷனுக்கும் வேண்டுதல். விரதமிருந்து, மஞ்சள் வேட்டி கட்டி, மற்றவர்களோடு ஆற்றுக்குப் போயிருந்தார். இங்கே குண்டத்தில் தணலைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. தணலிலிருந்து பொறி கிளம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கரும்பை நோக்கிப் பறந்ததாக அண்ணன் பிற்பாடு சத்தியம் செய்தார். வேறு யாரும் பார்க்கவில்லை.

மேளம் முழங்க, கரகம் தலையிலாட, ஆற்றிலிருந்து ஊர்வலம் கோயில் வாசலுக்கு வந்தபோது குண்டம் கறுப்புச் சேறாகக் கிடந்தது. தொட்டித் தண்ணீர் மொத்தமும் அதில். நடுவே ஓஸைப் பிடித்துக்கொண்டு செமி, பத்தடிக்கு அப்பால் "ஐயோ, ஐயோ" என்று அண்ணன். மேளக்காரர் கை அப்படியே நின்றது. அருள் வந்து ஆடிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "எந்த நாய்டா இது?" என்றார்.

அன்று அவர் வாங்கிய திட்டை எழுத முடியாது. மறுபடி விறகடுக்கி, எரித்து, தணலாக்கி, சாயங்காலம்தான் இறங்கினார்கள். அதற்குள் என் புருஷனுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. இன்னும் சிலருக்கும் அதே வயிற்றுவலி. மறுநாள் காலையில் நான் பின்பக்கம் துணி உலர்த்தும்போது பார்க்கிறேன், என் புருஷன் ஒரு சீப்பு வாழைப்பழத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுப் பக்கம் போகிறார். அங்கே அவருக்கு முன்பே வேறு இரண்டு பேர் பழத்தோடு நின்றார்களாம். யாரும் யாரையும் பார்க்காத மாதிரி திரும்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் எண்பத்தேழு வந்தது. இந்திய வம்சத்தார் கை ஓங்கிவிட்டதென்று பாராளுமன்றத்துக்குள் ராணுவம் புகுந்து ஆட்சியைப் பிடித்துவிட்டதாக ரேடியோ சொன்னது. எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் திடீரென்று தைரியசாலிகளாகிவிட்டார்கள். "என்ன செஞ்சிடுவான் பாக்கலாம்" என்று வீட்டுக்குள் பேசினார்கள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. அண்ணன் மட்டும் ரோட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. உனக்கு இல்லே?"

இல்லை என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பார்கள். என்னிடமும் கேட்டார். எனக்கென்ன பயம் என்றுதான் சொன்னேன். கையிலிருந்த பால் சொம்பு நடுங்கியதை அவர் பார்த்தார்.

ஒருநாள் ஃபயர் எஞ்சின் நிற்கிற ஷெட்டுக்கு ராணுவ ஜீப் வந்தது. எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்த நாங்கள் பஸ் வந்தும் ஏறவில்லை. ஒரு இளம் அதிகாரி இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கீழே குனிந்து சேசியைத் தட்டினார்.

"இது லாரிதானே? மேலே உள்ளதைக் கழற்றிவிட்டால் ஆளேற்றலாம்."

"ஏத்தலாம் சார். ஆனா பயமா இருக்கு."

"என்னைப் பார்த்தா?"

"உங்களைப் பாத்தும்தான் சார். அதைவிட இந்தத் தொட்டியைப் பாத்து. இப்பப் பாதிதான் தண்ணி இருக்கு. பாதி இருந்தா வளைவுல எல்லாம் ஒரு பக்கமா ஓடும். வண்டி சாயும்."

அதிகாரி சிரித்துவிட்டு, ஓட்டிக்காட்டு என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். செமி பின்னால் தொற்றினார். வண்டி கிளம்பும்போதே அண்ணன் கத்த ஆரம்பித்துவிட்டார். முதலில் ஹிந்தியில்தான், பிரேக்கு பிடிக்குமா தெரியலை, கையைக் கெட்டியாகப் பிடியுங்கள் என்று. சர்க்கரை மில் தண்டவாளத்தை ஒட்டிய வளைவு நெருங்கியதும் ஹிந்தி தீர்ந்து, "ஐயோ, மெதுவா, மாரியாத்தா, சாயுதே!" என்று ஊர் கேட்க அலறினார். வளைவு தாண்டி வண்டி நின்றது. சற்று நேரத்தில் அந்த அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து திரும்பி வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. இந்த வண்டியும் வேண்டாம், இந்த ஆளும் வேண்டாம் என்று ஜீப்பிலேறிப் போய்விட்டார்.

என்னமாய் நடித்தார், ராணுவத்தையே விரட்டிவிட்டார் என்று அன்று சாயங்காலம் முழுக்க அவர் புகழ்தான். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நடிக்கலைப்பா. நெஜமாத்தான் பயந்தேன். தொட்டி ரொப்பாம அந்த வளைவுல நான் போனதே இல்லே."

பிறகு ஒவ்வொரு வீடாகக் காலியானது. ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர். பிரிவு விருந்துகளுக்குப் போய்ப் போய் எனக்கு ஆட்டுக்கறியே அலுத்துப்போனது. எல்லா விருந்திலும் ஒரே காரணம்தான்: பிள்ளைங்க படிப்பு. பிள்ளை இல்லாதவர்களும் அதையே சொன்னார்கள். தீமிதியன்று வந்த வயிற்றுவலி இந்தத் தடவை ஊர் முழுக்க வந்திருந்தது என்று எனக்குத் தோன்றும். எங்கள் வீட்டிலும் விண்ணப்பம் போட்டாயிற்று, நாங்களும் படிப்பைத்தான் சொன்னோம்.

"நீ ஏம்ப்பா போகலே?" என்று ஒரு விருந்தில் என் புருஷன் அண்ணனைக் கேட்டார். "உன் மச்சினன் சிட்னியிலதானே இருக்கான்? பயந்த ஆளு நீதானே மொதல்ல போகணும்?"

அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "இங்கே எதுக்கெல்லாம் பயப்படணும்னு எனக்குத் தெரியும். நெருப்பு, அந்த வளைவு, துப்பாக்கி, ஒங்கம்மா. அங்கே போயி எல்லாத்தையும் மொதல்லேருந்து கத்துக்கணுமே. இந்த வயசுல முடியுமா?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

எங்கள் விசா வருவதற்கு முன்னால் நெருப்பு வந்தது. அந்தச் சமயத்தில் வயல்கள் அடிக்கடி எரிந்தன. யார் வைத்தார்கள் என்பது தெரியவில்லை. தெரிந்தவர்கள் இருந்திருக்கலாம், வாய் திறக்கவில்லை. மத்தியானம், நல்ல காற்று. என் புருஷன் டவுனில் வேலையில். நான் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். வெளியே பட்டாசு வெடிப்பதுபோல் சத்தம் கேட்டது. கரும்பு எரியும்போது அப்படித்தான் வெடிக்கும். எட்டிப் பார்த்தால் சந்தின் ஒரு பக்க வயல் முழுக்கப் புகை.

எங்கள் சந்து வண்டித்தடம் மாதிரி ஒடுக்கமானது. இரண்டு பக்கமும் கரும்பு, எங்கள் வீட்டோடு பாதை முடிந்துவிடும். பின்னால் குன்று, அதிலும் காய்ந்த புல். என் கொழுந்தனும் பக்கத்து வயல்காரர்களும் இரண்டு பிக்கப்பில் பாய்ந்து வந்தார்கள். எங்களைக் காப்பாற்ற வந்தவர்கள், நல்ல மனசு, நேராக வண்டியின் மூக்கை நுழைத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். மாமியாரைத் தூக்கலாமா, பெட்டியை எடுக்கலாமா என்று தடுமாறுவதற்குள் நெருப்பு சந்தைத் தாண்டி அடுத்த பக்கமும் பிடித்துவிட்டது. பிக்கப்பைத் திருப்ப இடமில்லை. ஒன்று திரும்பப் பார்த்து வாய்க்காலில் இறங்கியது. என் சின்னப் பெண் என் புடவையைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்று தமிழில் அழுதாள். செத்தோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது மணிச் சத்தம். பிறகு ரிவர்ஸ் கியரின் அந்த முனகல். புகைக்குள்ளிருந்து முதலில் பம்பு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு செமி, அப்புறம் ஏணி, கடைசியில் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடி அண்ணன்.

"தண்ணியடி, தண்ணியடி!" என்று கொழுந்தன் கத்தினார்.

அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்தார். "பத்தாது. எல்லாம் ஏறுங்க."

"வீடு?"

"வீடு போச்சு. ஏறுடா!"

செமி என் மாமியாரை நாற்காலியோடு தூக்கினார். "விடுடா என்னை, ஓடறவன் வண்டியில நான் வரமாட்டேன்!" என்று மாமியார் அவர் தோளில் குத்தினார். செமிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. ஏணியில், படியில், தொட்டிமேல் என்று அத்தனை பேரும் தொற்றினோம். அண்ணன் சொன்னபடி செமி ஓஸைத் திறந்து எங்கள் மேலேயே பீய்ச்சினார். தலையிலிருந்து கால்வரை நனைந்தோம். அதற்குள் பற்றிக்கொண்ட வீட்டின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்த்தே இருந்தது, திருப்ப வேண்டிய வேலையே இல்லை. இரண்டு பக்கமும் நெருப்பு நக்க, அந்தச் சந்து நெடுகிலும் அவர் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அலறினாரே தவிர, காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கவில்லை.

மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி, ஓரமாகக் குந்தி வாந்தியெடுத்தார். என் மாமியார் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பெரிய பயந்தாங்கொள்ளிடா நீ," என்று சொல்லி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ரொம்ப நேரம் விடவேயில்லை. நான் ரோட்டில் நின்றபடி வாய்விட்டு அழுதேன்.

அடுத்த வாரம் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பாராட்டுவதற்கு என்று நினைத்துப் போனேன். கமிட்டித் தலைவர் எழுந்தார். எங்கள் வீட்டோடு அவருடைய வயலும் எரிந்திருந்தது.

"நெருப்பைப் பாத்து ஃபயர் எஞ்சின் ஓடினதுன்னு எந்த ஊர்லயாவது கேட்டிருக்கீங்களா? தொட்டி நெறையத் தண்ணியை வெச்சிக்கினு ஓடியிருக்கான். இதுக்கு இன்னா பதில்?"

"ஓடினேங்க," என்றார் அண்ணன். "பயமா இருந்துச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன். "அவரு ஓடாட்டி நாங்க இன்னிக்கு உயிரோட இருக்க மாட்டோம். எங்களுக்குக் கருமாதிக் கூட்டம்தான் போட்டிருப்பீங்க."

"அது வேற விஷயம் பாப்பா, ஒக்காரு," என்றார் தலைவர். அந்தக் கூட்டத்தில் வண்டியில் தொற்றி உயிர் தப்பிய மற்றவர்களும் இருந்தார்கள். என் கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பிக்கப் எரிந்த வருத்தம் அவருக்கு.

ஓடுகிற ஃபயர் எஞ்சின் ஊருக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று. ஏணியையும் தொட்டியையும் இறக்கினார்கள், பம்பைக் கழற்றினார்கள், சேசிமேல் மரச்சட்டம் அடித்தார்கள். சீமையில் லாரியாகப் பிறந்தது சவேனியில் மறுபடி லாரியானது, கரும்பேற்றப் போயிற்று. டிரைவராக அவரையே வைத்துக்கொண்டார்கள், லாரி ஓட்டத் தெரிந்த மற்றவர்கள் அதற்குள் சிட்னி போய்விட்டிருந்தார்கள். மணியை மட்டும் கழற்ற யாருக்கும் நேரமில்லை. எங்கள் பக்கத்துக்கு அதற்கப்புறம் ஃபயர் எஞ்சின் வரவே இல்லை.

எங்களுக்கு விசா வந்தது. நாண்டி ஏர்போர்ட்டுக்குச் சாமான்களை அந்த லாரியில்தான் ஏற்றினோம். வீடு எரிந்தபின் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு ரிவர்ஸில் வந்து நிறுத்தினார். சிரிக்க அங்கே வேறு பிள்ளைகள் யாரும் மிச்சமில்லை.

ஏர்போர்ட்டில் வழியனுப்ப வந்த கூட்டத்தில் அழுகையும் மாலையுமாக ஒரே அமளி. யாரோ கேட்க, என் புருஷன் பிள்ளைங்க படிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெட்டிகளைத் தாண்டி அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, எனக்கு அன்னிக்கும் பயம்தான். இப்பவும் பயம்தான். அதான் போறோம்."

"தெரியும் பாப்பா. பால் சொம்பு ஆடுச்சே."

அவர் கையைப் பிடித்தேன். சில்லிட்டு, நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நெருப்பும் இல்லை, வளைவும் இல்லை. "ஒங்களுக்கு இப்ப எதுக்குண்ணே பயம்?" என்று கேட்டேன்.

மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீங்கள்லாம் போயிட்டா என்னைப் பாத்து சிரிக்க யாரு இருக்கா?"

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

விமானத்துக்குத் தரையில் நடந்துதான் போக வேண்டும். மாமியாரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் அந்த லாரி ரோட்டைப் பார்த்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எந்த நிமிஷமும் கிளம்பத் தயாராக நின்றது. அவர் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஏறி உட்கார்ந்து, விமானம் ஓடத் தொடங்கி, ஜன்னலில் வேலி மறைகிறவரைக்கும் அவர் அங்கிருந்து நகரவில்லை.